விசுவாசமும் கீழ்ப்படிதலும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சபையில் முழு உறுப்பினராவதற்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடக்கும் வேதபாட வகுப்பில் பெரியவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்துவருகிறேன். பாடப்புத்தகம் இரண்டு முறை மாறிவிட்டது, கேள்விகள் மாறவில்லை. இரட்சிப்பு இலவசம் என்று ஒரு வாரமும், கீழ்ப்படியாவிட்டால் பயனில்லை என்று மறுவாரமும் பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். பதில்கள் சீர்திருத்த சபை மரபில் வளர்ந்த ஒருவருடையவை. பிற மரபினர் வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். வசனங்கள், 'பழைய திருப்புதல்' எனப்படும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

கடவுள் இருக்கிறார், இயேசு நமக்காக மரித்தார், இதையெல்லாம் நான் நம்புகிறேன். இது விசுவாசம் இல்லையா?

விசுவாசம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் இதோடு நின்றுவிட்டால் அது விசுவாசம் ஆவதில்லை. "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு எழுதுகிறார் (2:19). பிசாசுகளுக்குத் தேவனைப்பற்றிய அறிவில் குறைவில்லை. தாங்கள் அறிந்தவரிடம் தங்களை ஒப்புக்கொடுப்பதுதான் அவற்றிடம் இல்லை. சீர்திருத்த காலத்து இறையியலாளர்கள் இதனால்தான் விசுவாசத்தில் மூன்று இழைகளைக் கண்டார்கள்: செய்தியை அறிவது, அது மெய்யென்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்துச் சார்ந்திருப்பது. மூன்றாவது இழை இல்லாமல் முதல் இரண்டும் இரட்சிப்பதில்லை.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. சபைக்கு வெளியே 'விசுவாசம்' என்ற சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? "நாய் விசுவாசமுள்ள பிராணி" என்கிறோம்; "உப்பிட்டவரிடம் கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா" என்று கேட்கிறோம். அங்கே அந்தச் சொல் ஒரு கருத்தை ஏற்பதைக் குறிப்பதில்லை. ஒருவர் பக்கம் உறுதியாக நிற்பதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்திஸ்' என்பதும் இப்படி இரண்டு முகம் கொண்டது. ரோமர் 3:3இல் அதே சொல்லைப் பழைய திருப்புதல் "தேவனுடைய உண்மை" என்று பெயர்க்கிறது. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனியில் ஒன்றாக 'விசுவாசம்' என்றே வைத்திருக்கிறது. 1995இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பெரும்பாலும் 'நம்பிக்கை' என்று எழுதுகிறது. அது எளிமையான சொல்தான். ஆனால் 'விசுவாசம்' சுமக்கும் பற்றுறுதி அதில் சற்று மெலிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

கீழ்ப்படிதல் என்றால் பத்துக் கட்டளைகளைக் கைக்கொள்வதுதானே?

கட்டளைகளும் அதில் அடங்கும். ஆனால் கீழ்ப்படிதலின் வேர் பட்டியலில் இல்லை, காதில் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளையைப்பற்றி "சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான்" என்று தாய் சொன்னால், அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. நம் மொழியில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே சொல். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். எபிரெயத்தில் 'ஷமா' என்ற ஒரே வினைச்சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரோமர் 10ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்கிறது 17ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில், "சுவிசேஷத்துக்கு எல்லாரும் கீழ்ப்படியவில்லை" என்று சொன்ன கையோடு, அதற்குச் சான்றாக "எங்கள் மூலமாய்க் கேள்விப்பட்டதை விசுவாசித்தவன் யார்" என்ற ஏசாயாவின் வாக்கைப் பவுல் எடுத்து வைக்கிறார். கீழ்ப்படியவில்லை என்பதற்குச் சான்று, விசுவாசிக்கவில்லை என்பது! எபிரெயர் 3:18, 19 வசனங்களிலும் இதே நிலைதான்: வனாந்தரத்தில் விழுந்தவர்கள் முதல் வசனத்தில் "கீழ்ப்படியாதவர்கள்", அடுத்த வசனத்தில் "அவிசுவாசத்தினாலே" உள்ளே போகமுடியாமற்போனவர்கள். யோவான் 3:36இல் நாம் "விசுவாசியாதவன்" என்று வாசிக்கிற இரண்டாம் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'கீழ்ப்படிய மறுக்கிறவன்' என்றும் பொருள் உண்டு.

நல்லவனாக, யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்தால் போதாதா? எதற்கு விசுவாசம்?

பதில் எபேசியர் 2:8, 9இல் இருக்கிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." கிரியை என்றால் நாம் செய்யும் செயல். நல்ல வாழ்க்கை வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதைக் கொண்டுபோய்த் தேவனிடம் கணக்குத் தீர்க்கமுடியாது என்பதுதான் பொருள். லூக்கா 18இல் ஜெபிக்கப் போன பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொள்ளும் பிரிவைச் சேர்ந்தவன், சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தவன், தசமபாகம் செலுத்தியவன். ஆனாலும் நீதிமானாக்கப்பட்டவனாய், அதாவது நீதியுள்ளவன் என்று தேவனால் ஏற்கப்பட்டவனாய், வீட்டுக்குத் திரும்பிப் போனவன், மார்பில் அடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்).

விசுவாசித்தால் போதும் என்றால், அதற்கப்புறம் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே?

திடப்படுத்தல் வகுப்பில் இந்தக் கேள்வி வராத ஆண்டே கிடையாது. கேட்கிற பிள்ளையின் முகத்தில் ஆசிரியரை மடக்கிவிட்ட மகிழ்ச்சியும் இருக்கும். பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள் போலும். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6ஐத் தொடங்குகிறார். கிருபையைச் சரியாகப் பிரசங்கித்தால்தான் இப்படி ஒரு கேள்வி எழும் என்பதையும் கவனியுங்கள். செயல்களால் இரட்சிப்பு என்று போதிக்கிற இடத்தில் இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

பவுலின் பதில் தண்டனையைக் காட்டி மிரட்டுவதல்ல. நீங்கள் யார் என்பதைக் காட்டுவது. பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்கிறார். மேலே சொன்ன எபேசியர் வசனத்தையும் பலர் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் வசனம், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்" என்கிறது. கிரியைகளினால் அல்ல, கிரியைகளுக்காக: ஒரு வேற்றுமை உருபு மாறினால் உபதேசமே தலைகீழாகிவிடும்.

பவுல் கிரியை வேண்டாம் என்கிறார், யாக்கோபு கிரியை வேண்டும் என்கிறார். வேதத்திலேயே முரண்பாடு இருக்கிறதே?

இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" (ரோமர் 3:28). "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" (யாக்கோபு 2:24). சொற்களை மட்டும் பார்த்தால் நேருக்கு நேர் மோதுகின்றன. போதாததற்கு இருவரும் சாட்சிக்கு அழைப்பதும் ஒரே ஆளை, ஆபிரகாமை.

ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்த நாளைக் காட்டுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தின் இரவை. பிள்ளையில்லாத கிழவனை வெளியே அழைத்து, நட்சத்திரங்களை எண்ணச் சொல்லி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் தேவன். அவன் ஒன்றும் செய்யவில்லை, விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில், அவனுடைய 99ஆம் வயதில் வருகிறது. அதற்குமுன் 86ஆம் வயதிலேயே இஸ்மவேல் பிறந்துவிட்டான். அதற்கும் முந்தியது இந்த நட்சத்திர இரவு. விருத்தசேதனத்தைக் காரணம் காட்டமுடியாதபடி பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி நடுவே நிற்கிறது. ரோமர் 4இல் பவுலின் வாதம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. யாக்கோபு காட்டுவதோ, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன 22ஆம் அதிகாரத்தின் மோரியா மலையை. வாக்குத்தத்தத்தின் பிள்ளை பிறந்து, விறகைச் சுமந்துகொண்டு தகப்பனோடு மலையேறும் அளவுக்கு வளர்ந்தபின் நடந்தது அது. அந்த இரவில் எண்ணப்பட்ட நீதி வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்பது அந்த மலையில் தெரிந்தது. "வேதவாக்கியம் நிறைவேறிற்று" என்று யாக்கோபும் அந்த இரவின் வசனத்தையே மேற்கோள் காட்டுகிறார் (2:23). எதிராளியும் வேறுதான்: விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் தேவனுடைய ஜனம் என்பவர்களோடு பவுல் வாதாடுகிறார், ஆகாரமில்லாமல் நிற்கும் சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களை யாக்கோபு கேள்வி கேட்கிறார்.

சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தருக்கு யாக்கோபின் நிருபம் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். அதே பதிப்பில் ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்து, எதிர்ப்பு வந்தபோது ஜெர்மன் மொழி நடைக்கு அது தேவை என்று வாதாடினார். (நம் பழைய திருப்புதல் அந்த வேலையை "விசுவாசத்தினாலேயே" என்ற ஓர் ஏகாரத்தில் முடித்துக்கொண்டது.) ஆனால் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் இயங்குவது, நற்கிரியை செய்யவேண்டுமா என்று யாரேனும் கேட்பதற்குமுன் அது செய்து முடித்திருக்கும் என்றுதான் எழுதினார். யாக்கோபு அதைப் படித்திருந்தால் மறுத்திருக்கமாட்டார்.

சிலுவையில் இருந்த கள்ளன் என்ன கீழ்ப்படிந்தான்? அவனும் பரதீசுக்குப் போனானே?

கையும் காலும் அறையப்பட்டவனிடம் மிச்சமிருந்தது நாவு மட்டும். அதைக்கொண்டு அவன் செய்ததை லூக்கா 23:40 முதல் 42 வரை எண்ணிப்பாருங்கள். பக்கத்திலிருந்தவனைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான், இயேசு தகாததொன்றையும் செய்யவில்லை என்று எல்லார் முன்னும் சாட்சி சொன்னான், சீஷர்கள் ஓடிப்போயிருந்த நேரத்தில், செத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "உம்முடைய ராஜ்யத்தில்" என்று சொல்லி அவரை ராஜாவாக ஏற்றான். அவனுடைய விசுவாசத்துக்கு ஆயுள் சில மணிநேரம்தான். அதற்குள் அது செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டது.

கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இவனை உதாரணம் காட்டுகிறவர்கள், இன்னொரு சிலுவையில் அதே கடைசி நேரம் இன்னொருவனுக்கும் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஞானஸ்நானம் எடுக்காதவர் இரட்சிக்கப்படமுடியாதா?

மாற்கு 16:16 விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் இணைத்துச் சொல்கிறது. ஆக்கினைக்கு, அதாவது தண்டனைத் தீர்ப்புக்கு, ஏதுவாகச் சொல்வதோ விசுவாசியாமையை மட்டும். மேலே பார்த்த கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனோ அந்த இரவிலேயே, காயங்களைக் கழுவின கையோடு பெற்றுக்கொண்டான் (அப்போஸ்தலர் 16:33). வாய்ப்பு இருந்தும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால், ஞானஸ்நானத்தைவிட விசுவாசத்தைப்பற்றியே அவரிடம் பேசவேண்டியிருக்கும். வீட்டாரின் தடையால் பெறமுடியாமல் இருக்கும் பெண்கள் சிலரை அறிவேன். அவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வராது. குழந்தைக்குக் கொடுப்பதா, வளர்ந்தபின் முழுக்கா என்பது தனி விவாதம். இங்கே அதற்குள் போகவில்லை.

திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுகிறேன். அப்படியானால் என் விசுவாசம் போலியா?

இதைக் கேட்பவர்கள் வகுப்பில் எல்லார் முன்னும் கேட்பதில்லை. எல்லாரும் வெளியே போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தயங்கி நின்று கேட்பார்கள். அவர்களுக்கு முதலில் சொல்வது இது: செத்த விசுவாசத்துக்கு இந்தக் கேள்வி வராது. "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று யோவான் எழுதியது விசுவாசிகளுக்குத்தான் (1 யோவான் 1:8). பேதுரு மூன்று முறை மறுதலித்தும் அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகவில்லை. அப்படி ஒழிந்துபோகாதபடிக்கு இயேசு அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார் என்று லூக்கா 22:32 சொல்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்ன தகப்பனையும் அவர் திருப்பியனுப்பவில்லை. விழுவதும், விழுந்த இடத்திலேயே பாயை விரித்துக்கொள்வதும் ஒன்றல்ல.

இரண்டாவதாகச் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. ஒரு வாலிபன், தினமும் மன்னிப்புக் கேட்டும் பாரம் நீங்கவில்லை என்றான். பேசப் பேசத் தெரியவந்தது: வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கல்லாவிலிருந்து சிறுகச் சிறுக எடுத்திருக்கிறான், எடுப்பதை நிறுத்திவிட்டான், ஆனால் எடுத்ததைப்பற்றி முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. அவனோடு லூக்கா 19ஐ வாசித்தேன். தன்னிச்சையாய் அறிக்கையிட்டால் முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). லூக்கா 19இல் ஆயக்காரர் தலைவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவேன் என்றான். ஆனால் அந்தப் பேச்சுக்குமுன் இயேசு அவன் வீட்டுக்கு வந்தாயிற்று. அவர் வரவேண்டும் என்பதற்காக அவன் கொடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்தால்தான் தேவன் உன்னை ஏற்பார் என்று நான் சொல்லவில்லை என்பதை அந்த வாலிபனுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. முதலாளி அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டு மாதாமாதம் ஐந்நூறு ரூபாயாகக் கொடுத்துத் தீர்த்தான்.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவர்தானா?

இதில் நல்ல கிறிஸ்தவர்கள் நானூறு ஆண்டுகளாக இரண்டு அணியாக இருக்கிறார்கள். மெய்யான விசுவாசிகளைத் தேவன் முடிவுவரை காப்பார் என்று 1618, 1619இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் மாமன்றம் தீர்மானித்தது; "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" (யோவான் 10:28) என்பது அந்த அணியின் வசனம். விசுவாசத்தை விட்டு விலகிக் கெட்டுப்போகவும் கூடும் என்பது 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தது. எபிரெயர் 6:4 முதல் 6 வரை அதற்கு ஆதாரம்.

நடைமுறையில் இரு அணிகளும் ஒரே மனிதனைப் பார்த்து ஒரே எச்சரிப்பைத்தான் கொடுக்கின்றன. இருபது வருஷத்துக்குமுன் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கினேன், அதற்குப்பிறகு சபைப் பக்கமே போகவில்லை, ஆனாலும் எனக்கு நிச்சயம் உண்டு என்கிறவரிடம், "நீ விழுந்துபோனாய்" என்பார் ஒருவர். "நீ நின்றதே இல்லை" என்பார் மற்றவர் (1 யோவான் 2:19). இருவருமே அவரை மனந்திரும்பத்தான் அழைக்கிறார்கள்.

நரகத்துக்குப் பயந்துதான் கீழ்ப்படிகிறேன். அது கீழ்ப்படிதல் ஆகுமா?

தொடக்கத்துக்கு அது போதும். பலருக்கு அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் லூக்கா 15இன் உவமையில், ஊதாரித் தம்பி வீடு திரும்பியதற்குக் கோபித்துக்கொண்ட மூத்த குமாரனாகிவிடுவோம். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று அவன் வாசலில் நின்று கணக்குச் சொல்கிறான். ஒரு கட்டளையும் மீறாதவன், வீட்டுக்குள் வரமறுத்து வெளியே நிற்கிறான். தகப்பன் அவனையும் வருந்தி அழைக்கிறார் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

"பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற வசனத்தைக் காட்டுகிறவர்கள் அடுத்த வரியையும் வாசிக்கவேண்டும்: "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" (பிலிப்பியர் 2:12, 13). விருப்பமே வரவில்லையென்றால், அதையும் அவரிடம் கேட்கலாம்.

பாஸ்டர் சொல்வதற்குக் கீழ்ப்படியாவிட்டால் தேவனுக்குக் கீழ்ப்படியாததாகுமா?

எபிரெயர் 13:17 சபையை நடத்துகிறவர்களுக்கு அடங்கி நடக்கச் சொல்கிறது, அது மெய். அதே நடத்துகிறவர்கள் மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று 1 பேதுரு 5:3 சொல்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒத்துப்பார்த்தார்கள். அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). யாரை மணப்பது, எந்த வேலைக்குப் போவது, சம்பளத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் ஒருவர் உத்தரவாகச் சொல்லி, மீறினால் சாபம் என்றால், அங்கே கேட்கப்படுவது விசுவாசத்தின் கீழ்ப்படிதல் அல்ல. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று பேதுரு சொன்னது மதத்தலைவர்களின் முகத்துக்கு நேரே.

கத்தோலிக்கர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்று நம்புகிறார்கள், இல்லையா?

அப்படிச் சொல்வது அநியாயம். கிருபையில்லாமல் தன் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பதை 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமே கண்டித்திருக்கிறது. கருத்து வேறுபாடு, நீதிமானாக்கப்படுவது ஒரு தீர்ப்பா, உள்ளே நிகழும் மாற்றமும் அதில் சேருமா என்பதில் இருந்தது. இன்னும் ஓரளவு இருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைக்குறித்துக் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மெதடிஸ்ட் சபையினர் 2006இல் சேர்ந்துகொண்டார்கள். எல்லா லூத்தரன் சபைகளும் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை.

கிருபையினால் இரட்சிப்பு என்றால், கடைசி நாளில் ஏன் கிரியைகளைக்கொண்டு நியாயத்தீர்ப்பு?

இதுதான் எனக்கு மிகவும் கடினமான கேள்வி. ஆபிரகாமைப்பற்றிச் சொன்னதை இங்கே நீட்டிப் பார்க்கிறேன்: நட்சத்திர இரவில் எண்ணப்பட்டது, மலையில் தெரிந்தது. கடைசி நாள் என்பது எல்லாருக்கும் மோரியா.

ஆனால் அந்த நாளில் கிரியைகளை எடுத்துக் காட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். மத்தேயு 7:22இல், உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோமே, பிசாசுகளைத் துரத்தினோமே, அற்புதங்களைச் செய்தோமே என்று பட்டியல் வாசிக்கிறவர்களைத் தாம் ஒருக்காலும் அறிந்ததில்லை என்கிறார் இயேசு. 25ஆம் அதிகாரத்தில் வலதுபக்கத்தில் நிற்கிறவர்களிடம் பட்டியலே இல்லை. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள் என்று அவர்தான் எடுத்துச் சொல்கிறார். அவர்களோ புரியாமல், ஆண்டவரே, எப்பொழுது என்று கேட்கிறார்கள்.